வெற்று மாத்திரை

எனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும் ஐயா. உப்பு விஷயத்தில் கை கொஞ்சம் தாராளம்.

மனைவிக்கு ஒன்பது வருடமாக இருமல். இருமியே ஒரு விலா எலும்பு விரிசல் விட்டது. அதனால் அடுப்படி என் பொறுப்பு. நான் மருந்தாளராக இருந்த ஆஸ்பத்திரியில் புது இருமல் மாத்திரையைச் சோதித்தபோது அவளையும் சேர்த்துவிட்டேன். நம் செல்கள் ஏடிபி என்ற பொருளை வெளியே விட்டுத்தான் நரம்புக்குச் சேதி சொல்லுமாம். தொண்டை நரம்பில் அந்தச் சேதி நுழையும் கதவை இந்த மாத்திரை சாத்திவிடும். நாக்கிலும் அதே கதவு உண்டு என்பதால் ருசியும் போய்விடும். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று எங்களில் யாருக்கும் தெரியக் கூடாது.

மூன்றாம் வாரம் மனைவி தட்டைத் தள்ளினாள். "என்னங்க இது, கடல் தண்ணியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாலு முறை இருமினாள். அவளுக்கு வெற்று மாத்திரை என்று புரிந்துவிட்டது.

பெரிய டாக்டரிடம் கெஞ்சினேன். "ரூல்னா ரூல்தான்ப்பா. ஒரு வருஷம் பொறுத்துக்கச் சொல்லு" என்றார். அவருடைய விலா எலும்புகள் முழுசாக இருந்தன. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அதே சோதனையில் ஒரு பஸ் டிரைவர். இருமினால் மயங்கி விழுவார் என்று அவர் ஃபைலிலேயே இருந்தது. "டீ வெந்நீர் மாதிரி இருக்கு சார். ஆனா இருமல் போயே போச்சு, மறுபடி டூட்டியில சேர்ந்துட்டேன்" என்று சிரித்தார். அடுத்த மாதத்துக்கான அவர் புட்டி, மனைவி புட்டி இரண்டின் லேபிளையும் உரித்து மாற்றி ஒட்டினேன். சமையலைவிட அது நன்றாக வந்தது.

மறுபடி வந்தவர், "டீ இனிக்குது சார். லேசா இருமலும் வருது. வண்டி ஓட்டலாமா?" என்றார்.

"நல்ல அறிகுறிதான். தாராளமா ஓட்டுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் புட்டியைத் திருப்பிக் கேட்பார்கள்.

அந்த வியாழக்கிழமை பாலத்தின்மேல் அவர் இருமினார். அவரும் பஸ்ஸில் இருந்த ஆறு பேரும் செத்தார்கள். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மனைவி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "ஏழு உயிரைக் கொன்னுட்டு எனக்காகச் செஞ்சேன்னு சொல்றீங்களாமே, நான் கேட்டேனா உங்கள, இனிமே செத்தாலும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள்.

எவ்வளவு நீளம் பாருங்கள் ஐயா. நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை.