இடம் மாறிய ஒரு வரி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள் சார். கொக்கி ஆடிக்கொண்டே இருந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. என் கால் ஆடுவதைப் பார்க்காதீர்கள், அது பயம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அறைகளைக் குளிர வைக்கும் வாயுவுக்கு வாசனை கிடையாது. கசிந்தால் உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே உயிர் போய்விடும். அதனால் ஒரு காவல் புரோகிராம் வாயுவின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எல்லை தாண்டினால் சைரனை அலற வைக்கும். ஷிப்ட் மாறும்போதெல்லாம் நான்தான் சர்வரில் லாகின் செய்து அதைப் புதிதாக ஓட விடுவேன்.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரன். வந்த சூட்டோடு சூடாக, "மாமா, இனிமே ஒவ்வொரு தடவையும் நீங்க உள்ள போய் மல்லுக்கட்ட வேணாம். என் சீட்ல இருந்தே கட்டளை அனுப்பிடுறேன்" என்றான். மேனேஜர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகினாலும் ஃபியூஸ் போனாலும், "தம்பியக் கூப்பிடுங்க" என்பாள் என் மனைவி. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வலித்தது சார்.

நான் எதையும் அழிக்கவில்லை. சைரன் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரியை, சர்வர் எப்போதும் படிக்கும் கோப்பிலிருந்து எடுத்து, லாகின் செய்தால் மட்டும் படிக்கும் கோப்பில் வைத்தேன். ஆள் உள்ளே நுழைந்து ஓட விட்டால் புரோகிராமுக்குச் சைரன் தெரியும். தூரத்திலிருந்து கட்டளை மட்டும் அனுப்பினால் அந்தக் கோப்பை அது திறந்தே பார்க்காது. அளவு திரையில் ஏறும், சைரன் வாயைத் திறக்காது. மேனேஜர் முன்னால் நானே லாகின் செய்து சோதித்துக் காட்டினேன். காது கிழிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஒரு நாள் அவன் அசடு வழிய வேண்டும், என்னிடம் வந்து நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அன்று அவன்தான் தன் சீட்டிலிருந்து புரோகிராமை ஓட விட்டிருந்தான். மத்தியானம் என் திரையில் அளவு ஏற ஆரம்பித்தது, சைரன் அலறவில்லை. கேமராவில் பார்த்தேன். அவன் குளிர் அறைக்குள் எரியாத விளக்கு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தான். அது அவன் வேலையே இல்லை, யார் கூப்பிட்டாலும் போய் நிற்பான். நான் லாகின் செய்து புரோகிராமை மறுபடி ஓட விட்டால் போதும், சைரன் அலறியிருக்கும். விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தேன், எடுத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பவும் எழுந்தேன். அவன் சட்டைப்பையில் போன் இருந்தது. "மாமா, என்னன்னு பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சாய்ந்தான். அப்போதும் என் போன் அடிக்கவில்லை. சாகிறான் என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவியிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள் சார். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாருமில்லை. நேற்று சமையலறைக் குழாய் ஒழுகியபோது, முதல் முறையாக என்னைத்தான் கூப்பிட்டாள்.