மீன் இல்லாமல் திரும்பிய ஜீப்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியார் கணேசமூர்த்தி ஐயா அவர்களே, எங்கள் தலைமையாசிரியர் மைக்கேல் ஐயா அவர்களே, கூட்டம் கூட அனுமதி கொடுத்துவிட்டுக் கதவோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராஜம்மா அத்தை அவர்களே, பெஞ்சு போதாமல் சுவரோரம் நிற்கும் தோட்டத்து மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனுசாமியின் மகள் ஜானகி. ஆறாம் வகுப்பு. மாணவர்கள் சார்பில் இரங்கல் வாசிக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். மைக்கேல் ஐயா எழுதிக் கொடுத்த தாளில் ஆறு வரிகள் இருந்தன. அவற்றில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் எந்த டிரைவர் இறந்தாலும் அந்த ஆறு வரிகளை வாசிக்கலாம். ஆகையால் நானே வேறு எழுதினேன். இது ஐயாவுக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. அப்பா, நான் முடிக்கும்வரை எழுந்து முன்னால் வராதீர்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் முடித்துவிடுகிறேன்.

மக்களே! இன்று நாம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் அழுகிறார்கள் என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்க்கிறோம். அழாதவர்மேல் சந்தேகம். அதிகம் அழுதவர்மேல் அதைவிடச் சந்தேகம். இறந்துபோன ஒருவருக்கு இதுவா நாம் செய்யும் மரியாதை?

காலஞ்சென்ற ஜீப் டிரைவர் திரு. சாமிக்கண்ணு அவர்கள் நம் தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே சொல்கிறேன். சாமிக்கண்ணு மாமா உள்ளே இருப்பவர்களுக்கு, அதாவது காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு, உதவி செய்தவர் என்று சந்தேகப் பட்டியலில் பெயர் எழுதியிருக்கிறது. அவர் இறந்த பிறகும் அந்தப் பெயரை அடிக்கவில்லை. ஆகவே ராஜம்மா அத்தை இரண்டு பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமைக்குள் லயத்தைக் காலி செய்துவிட்டு வெளியேற வேண்டுமாம். சந்தேகத்துக்குரியவரின் குடும்பம் தோட்டத்தைச் சுற்றிய முள்வேலிக்குள் இருக்கக் கூடாதாம். மைக்கேல் ஐயா போய்க் கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் ஐயா என்ன சொன்னார்? "அவருக்கு எதிராகத் தாள்கள் இருக்கின்றன. அவர் பக்கம் ஒரு தாளும் இல்லை" என்றார்.

அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன? அதைச் சொல்வதற்கு முன்னால் மாமா செய்த குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஜப்பான் சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன பழைய ஜீப்பில், ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை லெடாங் மலையடிவார ஆற்றுக்கு அவர் கூட்டிப் போனார். துரைக்கு அங்கே கெலா மீன் பிடிக்க வேண்டும். அதற்குப் புழு போடமாட்டார். தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, நூலால் கட்டி, ஈயைப் போலச் செய்து தண்ணீர்மேல் வீசுவார். இறகு தேடி மாமா லயம் லயமாக வருவார். எங்கள் வீட்டுச் செவலைச் சேவலின் கழுத்து இறகுக்கு அவருக்கு ஆசை.

"சேவல்கிட்ட கேட்டுட்டேன் ஜானகி. ரெண்டு எடுத்துக்கோன்னு சொல்லிடுச்சு."

"அது எப்ப மாமா சொன்னிச்சு?"

"காலையில கூவிச்சே, அப்ப என்னா சொன்னிச்சுன்னு நெனச்ச?"

அந்தச் சிவப்பு இறகுதான் முதல் குற்றம். அதைக் காட்டில் மரத்தில் செருகி அடையாளம் காட்டுகிறார் என்றார்கள்.

இரண்டாவது, ஜீப்பை அவர் ஆற்றங்கரைவரை ஓட்டவே மாட்டார். அரை மைல் முன்பே, வெள்ளையடித்த நான்கு கற்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார். துரையே ஆனாலும் அங்கிருந்து நடக்கத்தான் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஏன் நடக்கிறார்கள்? யாரைப் பார்க்க?

மூன்றாவது, போன தடத்திலேயே திரும்பி வருவார். சக்கரம் பதிந்த பள்ளத்தைவிட்டு ஒரு சாண் விலகமாட்டார். இந்தக் காலத்தில் போன வழியில் திரும்பக் கூடாது, பதுங்கியிருந்து சுடுவார்கள் என்று பட்டாளத்துக்காரர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். இவர் மட்டும் பயமில்லாமல் அதே வழியில் வருகிறார் என்றால், சுடமாட்டோம் என்று யாரோ வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்படிப் பேசினோம்.

நான்காவது, ஜீப் நிற்கும்போது எஞ்சினுக்கு அடியில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை வைப்பார். வரும்போது அந்த மங்கில் கறுப்பாக ஏதோ இருக்கும். அது என்ன என்று கேட் காவல்காரர் வீரப்பன் அண்ணன் தம் புத்தகத்தில் குறித்துவைத்தார்.

ஐந்தாவது குற்றம்தான் பெரியது. மீன் பிடிக்கப் போன ஜீப், மீன் இல்லாமல் திரும்பி வந்தது! ஒரு வாரம் என்றால் சரி. மாதக்கணக்கில்!

அரிசியை அளந்து கொடுக்கும் காலம். உள்ளே இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டும் காட்டுக்கு ஒரு கவளம் சோறு கொண்டுபோனாலும் சிறை. இந்தக் காலத்தில் பிடித்த மீனை யாராவது வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பார்களா? தண்ணீர்க் குழாயடியில் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன்.

"மீன் பிடிக்கப் போறவன் வெறுங்கையோட வர்றான். அப்ப மீனு எங்க போவுது?"

"தொரை தின்னுருப்பாரு."

"தொரை டின் மீன் திங்கிற ஆளுடி. ஆத்து மீனா திங்கப் போறாரு? உள்ள இருக்கிறவனுங்களுக்குத்தான் போவுது."

"மெதுவா பேசு லா. சுவத்துக்கும் காது மொளச்சிருக்கு."

கேட்டில் வீரப்பன் அண்ணன் அவரை நேரடியாகவே கேட்டார். நாங்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் விளையாடியபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னாண்ணே, மீனுக்கு இன்னிக்கும் லீவா?"

"மீனு பள்ளிக்கூடம் போயிருக்கு லா. படிச்சுப் பெருசானதும் வரேன்னிச்சு."

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதையும் எழுதிவைத்தார்.

அப்புறம்தான் போலீஸ் பெட்டி வந்தது. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உதவுகிறவர் யார் என்று தெரிந்தால் எழுதுங்கள், உங்கள் பெயர் வேண்டாம், மடித்துப் பெட்டியில் போடுங்கள் என்றார்கள். மறுவாரம் மாமாவைக் கூட்டிப்போய் நான்கு நாள் விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு உத்தரவு போட்டார்கள். இனிமேல் பழைய தடத்தில் போகக் கூடாது. நான்கு கற்களுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுவழி. காவலுக்கு ஒரு சிப்பாயும் உடன் வருவார்.

"இந்தக் கரை தாங்காது" என்று மாமா துரையிடம் சொன்னாராம். துரை, "உத்தரவு" என்றாராம். மூன்றாவது ஞாயிறு, மழைக்கு மறுநாள். ஆற்றையொட்டிய கரையில் சக்கரம் புதைய ஆரம்பித்தது. மாமா ஜீப்பை நிறுத்தி, துரையையும் சிப்பாயையும் இறங்கி நடக்கச் சொன்னார். பிறகு அவர் மட்டும் மெல்ல ஓட்டினார். கரை சரிந்தது. ஜீப் ஆற்றில் கவிழ்ந்தது. நாற்பத்தோரு வயதில் நம் மாமா அதன் அடியில் போனார்!

அதற்கும் நாம் என்ன சொன்னோம்? "இவங்கள ஏன் எறங்கச் சொன்னான்? தனியா ஓடிப்போகப் பாத்திருக்கான்" என்றோம். பாரம் குறைந்தால் கரை தாங்கும் என்று நினைத்திருப்பார், இரண்டு உயிர்களை முதலில் இறக்கிவிட்டிருப்பார் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை? சாவிலும் ஒருவர்மேல் சந்தேகப்படக் கற்றுக்கொண்டோமே, எங்கே கற்றோம்?

அடக்கத்தன்று ஆற்றுக்குக் கீழே இருக்கும் மலாய்க்காரர் கம்போங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்து ஓரமாக நின்றார். அவர் பெயர் பாக் மாட். நெல் போடுகிறவர். இவர் யார், எதற்கு வந்தார் என்று அவரையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தோம். ராஜம்மா அத்தையிடம் அவர் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவருக்கு நம் மொழி கொஞ்சம் வரும்.

"மூணு வருஷம் முன்னாடி உங்க புருசன் நம்ம வீடு வந்தான். எருமை எங்க தண்ணி குடிக்கும், நாத்துக்குத் தண்ணி எங்க போவும், எல்லாம் கேட்டான். அப்பறம் நாங்க ரெண்டு பேரும் கல்லு வெச்சோம். இதுக்கு மேல ஜீப் வராது பாக், ஒரே ரோட்டுதான் போவும், ரெண்டு ரோட்டு போட்டா கரை செத்துடும்னான். ஒரு நாளும் கல்லு தாண்டல. ஓராங் பாய்க் லா. நல்ல மனுசன்."

மங்கில் இருந்த கறுப்பு என்ன என்று அவர்தான் சொன்னார். எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய்! மண்ணில் விழுந்தால் மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோகும், நாற்றுக்குப் போகும் என்று பிடித்து, நம் தோட்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். ஜீப் கவிழ்ந்த பிறகு மூன்று நாள் அந்தத் தண்ணீரை எருமைகூடக் குடிக்கவில்லையாம். அதைப் பாக் மாட் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

மீன் எங்கே போனது? துரை அடக்கத்தன்றே குழிமேட்டில் சொன்னார், அதை எழுதித் தாருங்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லையாம். கெலா வளரப் பல வருடம் ஆகுமாம். அந்த மடுவில் இருப்பதே கொஞ்சம். பிடிப்பதும் முள்ளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதும்தான் அவர்கள் வழக்கமாம். விட்ட மீன் மூச்சு வாங்கி நீந்திப் போகும்வரை, மாமா இடுப்பளவு தண்ணீரில் அதைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்பாராம். கேட்டில் மாமா சொன்னது விளையாட்டு இல்லை மக்களே. பெரிதாகட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னார். நாம்தான் சிரித்தோம்.

அப்படியானால் அந்தத் தாள்களை எழுதியது யார்?

வீரப்பன் அண்ணன் என்று பேசிக்கொள்கிறீர்கள். நேற்று அவர் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. அண்ணன் எழுதியது கேட் புத்தகத்தில். பெட்டியில் விழுந்த தாள்களின் கையெழுத்து அவருடையது இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? எழுதத் தெரியாத பத்து வீடுகளுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். லயத்தில் என் கையெழுத்து அழகு என்று சொல்வீர்களே, அந்தக் கையெழுத்து. எந்த வீடு என்ன சொன்னது என்று யார் அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டேன். சொன்னவர்களுக்குத் தெரியும். அவர்கள் இப்போது தரையைப் பார்க்கிறார்கள்.

நானும் தரையைப் பார்க்க வேண்டியவள்தான்.

எங்கள் வீட்டுத் தாளை நீட்டியபோது அப்பா, "ஒண்ணும் எழுதாத. வெறும் தாளா மடிச்சுப் போட்டுரு. நமக்கு என்னா தெரியும்?" என்றார். ஆனால் எழுதாத தாள் போட்ட வீட்டைச் சோதனை போடுவார்கள், தாளில் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டு எண் இருக்கிறது என்று குழாயடியில் பேசியதைக் கேட்டிருந்தேன். அப்பாவைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பென்சிலால், யாரும் சொல்லாமலே எழுதினேன். "ஜீப் டிரைவர் மீன் பிடிக்கப் போகிறார். மீன் கொண்டு வருவதில்லை."

இரண்டு வரிகள். இரண்டும் உண்மை. பொய் எழுதியிருந்தால்கூட யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

ராஜம்மா அத்தை, நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க இங்கே நிற்கவில்லை. மன்னிப்பால் உங்கள் வீட்டுக் கதவு வெள்ளிக்கிழமைக்கு மேல் திறந்திருக்காது.

மக்களே! துரை அனுமதிச் சீட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சரிந்த கரையில் மண் மூட்டை அடுக்கி மூங்கில் நடப் போகிறோம். பாக் மாட்டும் அவர் ஆட்களும் வருவார்கள். பழைய தடத்தில்தான் போவோம். நான்கு கற்களுக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு அரை மைல் நடப்போம். லாரிக்கு அடியில் மங்கு வைப்போம். எங்கள் வீட்டு மங்கை நான் கொண்டுவருகிறேன். மாமாவின் வேலையைத் தொடர்வோம் என்று மேடையில் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கரையில் நிற்கும்போது ராஜம்மா அத்தையும் பிள்ளைகளும் நம்மோடு நிற்க வேண்டாமா?

இன்ஸ்பெக்டர் ஐயா, மாமா பக்கம் ஒரு தாளும் இல்லை என்றீர்கள். இதோ ஒரு தாள். மீன் எங்கே போனது, மங்கில் என்ன இருந்தது, ஜீப் ஏன் அரை மைல் முன்னால் நின்றது என்று எழுதியிருக்கிறேன். பெட்டியில் போட்ட எங்கள் வீட்டுத் தாளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பெயர் வேண்டாம் என்றீர்கள். இன்றைக்கு முதல் வரியிலேயே பெயர் இருக்கிறது. மு. ஜானகி, ஏழாம் லயம், நான்காம் கதவு.

அதன் கீழே பத்து வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மசி இந்த மேசைமேல் இருக்கிறது. ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.