வெறுங்காலுக்கு ஏற்ற குறடு

ரோஸ் ஹில் ஊர் இரும்புக்கடையில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள்: “வெறுங்காலோட நிக்கிறவனுக்கு ஏத்த குறடு இருக்கா, அண்ணே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை.

“எதுக்கும்மா?”

“ரேடியோ, விளக்கு, எது கெட்டாலும் வீட்டுலயே பிரிச்சுப் பாப்போம்.”

அவர் இரண்டை எடுத்து வைத்தார். “இது வெறும் இரும்புப் பிடி. கம்பி முறுக்கலாம், கரண்டுக்கு ஆகாது. அது ரப்பர் பிடி. வெடிப்பு இல்லாததாப் பாத்து எடு.”

“இந்த இரும்புப் பிடிதான் எங்க வீட்டுல இருந்துச்சு. போன வருஷம் காவடி விரதத்துல, குளிச்ச ஈர வேட்டியோட, வெறுங்காலோட, சாமி அறை கரண்டு விளக்கை அந்தக் குறடால தொட்டாரு என் வீட்டுக்காரர். அங்கேயே போயிட்டாரு.”

கடைக்காரர் இரும்புப் பிடி போட்டதை ஓரமாகத் தள்ளினார்.

“ரப்பர் பிடியை மட்டும் நம்பாதேம்மா,” என்றார் கடைக்காரர். “மெயினை அணைக்கணும். கால்ல ரப்பர் செருப்பு இருக்கணும்.”

“இந்த வருஷம் மகன் காவடி எடுக்கிறான். விரதம் இருக்கிற பத்து நாளும் செருப்புப் போடமாட்டான்.”

“அப்போ அவன் தொடவே கூடாது.”

அவள் ரப்பர் பிடிக் குறடு ஒன்றை எடுத்து, விரித்து மூடிப் பார்த்தாள்.

“என் கைக்கு அடங்குறதா ஒண்ணு குடுங்க, அண்ணே. செருப்போட சாமி அறைக்குள்ள நான் போறேன்.”