நிபந்தனை இல்லாத கட்டளை

எனக்குச் சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் தொண்ணூற்றாறில் வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியபோது கரும்பலகையே வாங்கவில்லை. சேமித்த விவரங்களைத் தேடவும் திருத்தவும் உதவும் எஸ்.க்யூ.எல். மொழியை என் மாணவர்கள் முதல் நாளே விசைப்பலகையில் கற்றார்கள்.

மற்ற சென்டர்களில் கற்பனைப் பெயர்களை வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அதில் தப்பு செய்தால் யாருக்கு வலிக்கும்? வலிக்காத பாடம் மனதில் நிற்காது. நல்லவேளையாக, காசநோய்க்கு இலவச மருந்து தரும் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எனக்குத் தந்திருந்தது. மாதாமாதம் நான் அச்சிட்டுத் தரும் பெயர்களுக்குத்தான் அங்கே மாத்திரை. அந்த விவரங்களிலேயே பயிற்சி கொடுத்தேன்.

இசக்கிமுருகன் முக்கூடல்காரன். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். குணமானவர்களை மட்டும் நீக்கச் சொன்னேன். நீக்கும் கட்டளையை எழுதியவன், யாரை என்ற நிபந்தனையை விட்டுவிட்டான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாணவன் யோசிக்கும்போது ஆசிரியர் குறுக்கிடக் கூடாது.

"சார், எல்லாம் போயிட்டு சார்."

"அதுக்கென்னலே? ஆஸ்பத்திரி குடுத்த நோயாளி அட்டையப் பாத்துத் திரும்ப ஏத்து. அகர வரிசையில. ஒண்ணையும் தாண்டப்பிடாது."

"எங்கம்மா பேரும் அதுல இருக்கு சார். சந்தனமாரி. அத மட்டும் மொதல்ல ஏத்திக்கிடட்டுமா?"

ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினால் வகுப்பு என்ன ஆகும்? மறுத்தேன். ஆஸ்பத்திரியில் வாய் திறந்தால் சான்றிதழ் கிடையாது என்றும் சொல்லிவைத்தேன்.

செய்முறை வகுப்பு சனிக்கிழமை மட்டும்தான். அவன் 'க' வரிசையில் இருந்தபோது அந்த அம்மாள் மருந்துக்கு வந்தாள். "கம்ப்யூட்டர்ல ஒன் பேரு இல்லியேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாம் மாதம் அவள் வரவில்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் ரத்தம் கக்கி இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்போது அவன் 'ச' வரிசையைத் தொடங்கியிருந்தான்.

எல்லா விவரங்களுக்கும் நகல் எடுத்த பிளாப்பி என் மேசை இழுப்பறையில் இருந்தது உண்மை. போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் நகல் உண்டு என்று தெரிந்த மாணவன் மறுபடியும் அவசரப்படுவான். தெரிந்தேதான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இழுப்பறையைத் திறந்து அந்தப் பிளாப்பியை உங்களிடம் சேர்த்ததும் இசக்கிமுருகன்தான் என்றார்கள். அவன் கொடுத்த புகாரையும் படித்தேன். அவசரமே இல்லாமல் எழுதியிருக்கிறான், ஒரு விவரமும் விட்டுப்போகவில்லை. பரவாயில்லை, பையன் தேறிவிட்டான்.