வயிறு தள்ளிய படம்

மழைக்குக் கண்ணாடியெல்லாம் மூடிய பொகவந்தலாவை பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி திடீரென்று சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு படத்துக்கெல்லாம் இப்ப வயிறு தள்ளிருச்சு.”

“என்னாடி சொல்ற?”

“முந்தி துணியில பெயிண்ட்ட அப்புவாரு. என்னா படம்னு யாருக்கும் வெளங்காது. இப்ப தட்டையா வரைஞ்சா உசுரு இல்லையாம். லயத்து வீட்டுச் செவத்து ஓட்டைய அடைக்க வாங்குன சீமெந்த கொழைச்சு, படத்துல மேடு மேடா பூசிட்டாரு.”

“அய்யோ! அப்ப ஓட்ட?”

“அந்தப் படத்தத்தான் ஓட்டைக்கு நேரா சாத்தி வெச்சிருக்கேன். காத்து உள்ள வரல.”

“அவரு ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரே. படத்த தலைகீழா வெச்சுட்டேனாம். செவத்து ஓட்ட தெரியாத கண்ணுக்கு அது மட்டும் தெரியுது.”