அலவாங்கில் பட்ட இரும்பு

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. தலைக்கு மேலே இரைச்சல். ஒரே சீரான உறுமல். பின்னால் அண்ணை கத்துகிறார்.

“வண்டு! வண்டு வருது! விழுந்து படடி!”

குப்புற விழுகிறேன். புல் ஈரம். மெல்லத் தலையைத் தூக்குகிறேன். வானத்திலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் குடைகள் இறங்குகின்றன. தொங்கும் மனிதர்கள் சிரிக்கிறார்கள்.

இது வன்னி இல்லை. ஜெர்மனி. நாங்கள் வந்து சேர்ந்த அகதி முகாம். நாஜிகளின் காலத்தில் பராசூட் படையினர் குதிக்கப் பழகிய இடம். அவர்கள் படுத்த அறைகளில்தான் எங்களைப் படுக்க விட்டார்கள். பழைய ஓடுபாதை இப்போது ஒரு பராசூட் கழகத்திடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொழுதுபோக்காகக் குதிப்பார்கள். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

வேவு விமானத்தை வன்னியில் வண்டு என்போம். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும். எங்கே இடம்பெயர்ந்தாலும் முதலில் பதுங்க ஒரு பங்கர் வெட்டுவோம். பிறகுதான் அடுப்பு.

திங்கட்கிழமை அண்ணை முகாமின் பின்பக்கம் கிடங்கு வெட்டத் தொடங்கினார்.

“அண்ணை, இது ஜெர்மனி. இஞ்ச ஏன் பங்கர்?”

“பிளேன் வருதெல்லே. நீ பேசாமல் போ.”

முகாமைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வந்து பார்த்தார். தோட்டமா என்று ஜெர்மனில் கேட்டார். அண்ணைக்கு விளங்கவில்லை. தலையாட்டி வைத்தார். மனிதர் போய் ஒரு அலவாங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கனமான கடப்பாரை.

புதன்கிழமை. காலை. மழை. நான் குசினி ஜன்னலில் நின்று அரிசி கழுவுகிறேன். அண்ணை நெஞ்சளவு கிடங்கில் நிற்கிறார். ணங். இரும்பில் இரும்பு. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

“கிட்ட வராதை! ஒருதரும் வராதையுங்கோ!”

ஏறப் பார்க்கிறார். மழையில் ஊறிய கரை இடிகிறது. கல்லும் மண்ணுமாக உள்ளே சரிகிறார். டும். வன்னியில் கேட்டவற்றைவிடச் சின்னச் சத்தம். ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. அண்ணை போய்விட்டார்.

பொலிஸ் வந்தது. அந்தப் படையினர் பழகியபோது வெடிக்காமல் புதைந்த குண்டுகள் நிலத்தில் இருப்பது தெரியுமா என்று ஹவுஸ்மைஸ்டரைக் கேட்டார்கள். “இங்கே எல்லோருக்கும் தெரியுமே” என்றார். எனக்குப் பற்றி எரிந்தது. இன்றும் எரிகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே கிண்டாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல ஒரு பலகை நடவில்லை.

முகாம் வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இங்கே குதிக்கப் பழகி, போருக்குப் போய்ச் செத்த படையினரின் பெயர்கள். ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். நான் இதே ஊரில்தான் இன்னும் இருக்கிறேன். அந்த நாளில் நானும் போய் நிற்பேன். அவர்கள் தலை குனிவார்கள். நான் குனிவதில்லை. அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்க்கட்டும்.

அப்போது முகாம் அலுவலகத்தில் அண்ணையின் சாவை விபத்து என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

“ஏலாது. போர் எண்டு எழுதுங்கோ.”

மொழிபெயர்த்தவர் அதைச் சொல்லவே பயந்தார். அவர்கள் எழுதவில்லை. நான் கையெழுத்து வைக்கவும் இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வன்னியில் அம்மா. வன்னியில் அப்பா. வன்னியில் தங்கச்சி, உடம்பு கிடைக்கவில்லை. ஜெர்மனியில் அண்ணை.

நாலு பேர். இரண்டு போர். அதில் ஒன்று எங்களுடையதே இல்லை.