செங்கம் தாண்டிட்டா

உட்காருங்க ராஜேந்திரன் சார். இந்த ஃபேன் சத்தம்தான் ஜாஸ்தி, காத்து கம்மி. டிரஸ்ட்ல இருந்து யாராவது வந்தா முதல்ல இதைக் காட்டணும்னு நினைச்சிட்டிருந்தேன். நீங்க வந்தது வேற விஷயமா, பச்சையம்மாள் செத்ததை விசாரிக்க. கேளுங்க, நான் எதையும் மறைக்கப் போறதில்ல.

முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். என் வீட்டுக்காரர் கேன்சர் முத்திப்போய் பெரிய ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, புரொபசர் தினமும் மாணவர்களைக் கூட்டிட்டு ரவுண்ட்ஸ் வருவார். பக்கத்து பெட்ல நின்னு பேசுவார், எதிர் பெட்ல நின்னு பேசுவார். இவர்கிட்ட வந்ததும், "இங்க கத்துக்க ஒண்ணும் இல்லப்பா, வாங்க"ன்னு தாண்டிப் போயிடுவார். இவர் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு மறுபடி படுத்துக்குவார். நானும் ஒரு டாக்டர், பக்கத்துலயே நின்னேன்.

அதனாலதான் நீங்க செங்கம் ரோட்டுல இந்த இல்லத்தை ஆரம்பிச்சதும் கவர்மெண்ட் வேலையை விட்டுட்டு ஓடி வந்தேன். பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களைக் கடைசி வரைக்கும் வலி இல்லாம பார்த்துக்கற இடம். வெளியூர் மெடிக்கல் காலேஜ் பசங்களை வரவழைச்சு இங்கயே பாடம் நடத்தறேன். முதல் பாடம் எப்பவும் ஒண்ணுதான், சாகப் போறவங்ககிட்ட பொய் சொல்லாதீங்க. அவங்களுக்கு மிச்சம் இருக்கறது கொஞ்ச நேரம், அதையும் திருடாதீங்க.

பச்சையம்மாளுக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில பூ வித்து ஒரே பொண்ணை வளர்த்தவங்க. அந்தப் பொண்ணு பொன்னி திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யறா. அம்மாவை இங்க சேர்த்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "கடைசியில என் கையால பால் ஊத்தணும் மேடம். அம்மாவுக்கும் அது ஒண்ணுதான் ஆசை. ஒரு போன் போடுங்க, போட்டது போட்டபடி கிளம்பி வந்துடறேன்"னு சொன்னா. திருப்பூர்ல அவ தங்கியிருக்கற வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பரைக் குடுத்துட்டுப் போனா.

அந்த நாளும் வந்துச்சு. பச்சையம்மாளுக்கு ஆகாரம் நின்னு போச்சு, கால் சில்லுனு ஆயிடுச்சு. "பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களாம்மா?"ன்னு ஆயா தனம் கேட்டா. சொல்லியாச்சுன்னேன். சொல்லல.

பௌர்ணமி கூட்டம், பஸ் கிடைக்காதுன்னு முதல் நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிஜக் காரணம் அது இல்ல. நம்ம ஊர்ல உயிர் இழுத்துக்கிட்டே இருந்தா, யாரைப் பார்க்கக் காத்திருக்குன்னு கேப்பாங்க இல்லையா? பட்டணத்துப் பசங்க அதைக் கேட்டுச் சிரிப்பாங்க. ஆனா நான் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், அது நிஜம். காத்திருக்கறவங்க தாங்குவாங்க. வரவேண்டியவங்க வந்து பால் ஊத்திட்டா நிம்மதியா போயிடுவாங்க. பொன்னி வந்தா பச்சையம்மாள் போயிடுவாங்க. பசங்க வர்றது திங்கக்கிழமை, அதுவரைக்கும் அவங்க இருக்கணும். அவ்ளோதான் சார்.

வலிக்கு மருந்து குறை வைக்கல, அதை நீங்க யாரை வேணா கேட்டுக்கலாம். "எம்பொண்ணு வந்துட்டாளாம்மா?"ன்னு கேட்டா, கிளம்பிட்டான்னு சொன்னேன். மறுநாள் ஊத்தங்கரை வந்துட்டான்னேன். அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் செங்கம் தாண்டிட்டான்னுதான் சொன்னேன், அதைத் தாண்டினா அடுத்தது நம்ம ஊர்தானே. அதைக் கேட்டதும் முகம் அப்படியே மலர்ந்துடும். தனத்தைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொல்லுவாங்க. ரோட்டுல எந்த பஸ் ஹாரன் அடிச்சாலும் கண்ணு வாசலுக்குப் போயிடும்.

பசங்க வந்தாங்க. எல்லாரையும் அந்தக் கட்டிலைச் சுத்தி நிக்க வெச்சேன். ஒருத்தரும் தாண்டிப் போகல. காத்திருக்கறதுன்னா என்னன்னு காட்டினேன். சில பேர் அழுதாங்க. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். "பொண்ணு எப்ப மேடம் வருவாங்க?"ன்னு கவிநிலான்னு ஒரு மாணவி கேட்டா. வந்துட்டே இருக்காங்கன்னேன்.

அப்பவே மூச்சு மாறிடுச்சு. வேற வழி இல்லாம, பாலை எடுத்து ஊத்தும்மான்னு கவிநிலாகிட்ட சொன்னேன். பச்சையம்மாள் அவ கையைத் தடவிப் பார்த்தாங்க. "இது எம்பொண்ணு கை இல்ல. அவ கை காய்ச்சுப் போயிருக்கும்"னு சொல்லி வாயை மூடிக்கிட்டாங்க. பால் கன்னத்துல வழிஞ்சுது. "செங்கம் தாண்டிட்டாளா?"ன்னு என்னைக் கேட்டாங்க. அதோட மூச்சு நின்னுடுச்சு.

அதுக்கப்புறம்தான் திருப்பூருக்குப் போன் பண்ணேன். மறுநாள் காலையில பொன்னி வந்தா. "அம்மா என்னைத் தேடினாங்களா மேடம்?"ன்னு கேட்டா. தேடவே இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டாங்கன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னுதான். பக்கத்துல நின்ன கவிநிலா அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. பொன்னி குனிஞ்சு அம்மா முகத்துல கையை வெச்சு, "போன் வருமான்னு அந்தக் கடை வாசல்லயே கெடந்தேனேம்மா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

போன் பண்ண மறந்துட்டேனான்னு நீங்க கேட்பீங்க. மறக்கல சார். எதிர்ல இருக்கற எஸ்.டி.டி. பூத்துக்கு தினமும் போனேன். காலேஜுக்குப் போட்டு, "இன்னும் தாங்குவாங்க, பசங்களைக் கண்டிப்பா அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். திருப்பூர் நம்பர் அப்பவும் மனப்பாடம், இப்பவும் மனப்பாடம். நான்தான் செஞ்சேன். வேற யாரையும் இதுல இழுக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்னை இந்த வாரம் மாத்திடாதீங்க, அடுத்த பேட்ச் பசங்க வர்றாங்க. கடைசிக் கட்டில்ல இருசப்பன்னு ஒரு பெரியவர் இருக்கார். பெங்களூர்ல இருக்கற மகனைக் கேட்டுக்கிட்டே இருக்கார். ஓசூர் தாண்டிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன்.